கதவுக்கு வெளியே ஒரு கோட்டு

முதல் வாரம் சோப்பை மாற்றினேன்.
இரண்டாம் வாரம் அவள் பின்னலை அவிழ்த்து
மூன்று முறை அலசினேன்,
குழாயடியிலிருந்து சறுக்குவண்டியில்
இழுத்து வந்த தண்ணீர் என்பதையும் மறந்து.

மூன்றாம் வாரத்திலிருந்து
மராலின் நீலக் கோட்டை
ராத்திரி கதவுக்கு வெளியே தொங்கவிடுகிறேன்.
மைனஸ் முப்பதில் வாடை உதிர்ந்துவிடுமென்று
பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.
காலையில் அது விறைத்துப்போய்
இரு கையும் விரித்து நிற்கும்,
உள்ளே யாருமில்லாத ஒரு மரால்.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
எங்கள் கம்பளிக் கூடார வீடுகள்.
உச்சிக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு புகை.
கீழே பள்ளிக்கூடத்தில்
அடுக்குமாடிப் பிள்ளைகள்.
அவர்களில் தெமூலேன் என்பவன்
"புகைக்குழாய் வந்தாச்சு" என்று மூக்கைப் பொத்துகிறான்.
பிறகு வரிசையாக எல்லோரும்.
ஏழு வயதில் அது நல்ல விளையாட்டு.
ஒரு கை போதும்.

"காதுல வாங்காதே" என்றேன்.
"காது இல்லம்மா, மூக்கு" என்றாள்.

அவள் அப்பா சுரங்கத்திலிருந்து போனில்
"ஒரு குத்து விடு" என்றார்.
கோபிப் பாலை இங்கிருந்து வெகு தூரம்;
அங்கிருந்து குத்துவது எளிது.

ஆசிரியை ஸொலோங்கோவிடம் போனேன்,
மரால் என் விரலைப் பிடித்திருந்தாள்.
நல்ல பெண். நாற்பத்திரண்டு பிள்ளைகள்,
தொண்டை கட்டியிருந்தது.
"இவ ஏதாவது வம்பிழுத்திருப்பாளோ?
நெருப்பில்லாம புகையுமா?"
சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.
மேசைமேல் கிடந்த சாக்பீஸை
நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.
நான் சிரித்துவிட்டு வந்தேன்.
அந்தச் சிரிப்பைத்தான்
இன்னும் எனக்கு மன்னிக்க முடியவில்லை.

அன்று ராத்திரி மரால்தான் சொன்னாள்:
"நீ தெமூலேனா இரு. நான் நானா இருக்கேன்."
மூக்கைப் பொத்தினேன்.
"இப்படி இல்ல. முதல்ல சிரிக்கணும்.
அப்புறம் பக்கத்துல பார்க்கணும்,
அவங்க சிரிக்கறாங்களான்னு."
இவ்வளவு கவனித்திருக்கிறாள்.

பிறகு மாறிக்கொண்டோம்.
பையை மாட்டிக்கொண்டு நான் உள்ளே வந்தேன்.
அவள் சிரித்தாள், பக்கத்தில் பார்த்தாள், பொத்தினாள்.
எனக்குப் பதிலே வரவில்லை.
தினம் பஸ்ஸில் கதவோரமே நிற்கிறேன்,
காலி இருக்கை இருந்தாலும்.
யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன்.
மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு
கொஞ்ச நேரம் தெமூலேனாகவே யோசித்தாள்.
"நெருப்பு இருக்குன்னு சொல்லும்மா.
எங்க வீட்ல நெருப்பு இருக்கு,
நான்தான் மூட்டுவேன்,
உனக்கு மூட்டத் தெரியுமான்னு கேளு."

மறுநாள் பள்ளி வாசலுக்கே ஓடினேன்.
"சொன்னியா?"
"மறந்துபோச்சு."
"அப்புறம்?"
"நிறுத்துன்னேன். சத்தமா.
குரல் கோணலா வந்துச்சு, அதுக்கும் சிரிச்சாங்க.
டீச்சர் சிரிக்கல.
வந்து என் பெஞ்சுல உட்கார்ந்தாங்க.
மணி அடிக்கிற வரைக்கும்
அங்கிருந்தே பாடம் நடத்தினாங்க."
"தெமூலேன்?"
"திரும்பப் பொத்தினான். பக்கத்துல பார்த்தான்.
பாதிப் பேர்தான் சிரிச்சாங்க."

பாதி.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வீட்டுக்கு வந்து உப்புத் தேநீர் ஊற்றினேன்.
ஸொலோங்கோ போன் செய்தாள்:
தெமூலேன் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறாளாம்.
நானும் வருகிறேன் என்றேன்.
சிரிக்காமல் சொன்னேன்.

கடைசிக் கரி போட எழுந்தபோது
கதவு திறந்து குளிர் பாய்ந்தது.
தன்னளவே இருந்த கோட்டை
இரு கையாலும் கட்டித் தூக்கிவந்து
மரால் அடுப்பருகே நிறுத்தினாள்.
"நாளைக்கு வாடை வருமே" என்றேன்.

"வரட்டும்" என்றாள்,
அதன் கைகள் மெல்ல
இறங்குவதைப் பார்த்துக்கொண்டே.